மாமா சாய்ந்து நின்ற கார்

வெவே,
சுவிற்சர்லாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நல்ல சுகம். நீங்கள், அப்பா, தம்பி எல்லோரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் எதையும் ஒழுங்காகக் கதைக்க முடிவதில்லை. பக்கத்தில் தம்பி நிற்பான், நடுவில் லைன் வெட்டும், நீங்கள் "சாப்பிட்டியா" என்று கேட்டு முடியவே நேரம் போய்விடும். அதனால்தான் கடிதம். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வீட்டு ஜன்னலைத் திறந்தால் லெமான் ஏரி. அக்கரையில் நிற்கும் மலைகள் பிரான்ஸ் நாடு. குளிர் பழகிவிட்டது, ஒழுங்குதான் இன்னும் பழகவில்லை. குப்பை போடுவதற்குக்கூட வரி சேர்த்து விற்கும் பையை வாங்க வேண்டும். உடுப்புத் தோய்க்கக் கட்டடம் முழுக்க ஒரே அறை. எங்களுக்கு எழுதிவைத்த நாளைத் தவறவிட்டால், அடுத்த முறை வரும்வரை அழுக்கு உடுப்பைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எனக்கு ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. பிரெஞ்சு இன்னும் வாயில் வரவில்லை. அம்மம்மாமார் பொறுமையாகத் திருப்பிச் சொல்லித் தருவார்கள். தாத்தாமார் அவ்வளவு பொறுமை இல்லை.

இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் சார்லி சாப்ளின்தான். ஏரிக்கரையில் கைத்தடியோடு சிலை நிற்கிறது. இரண்டு உயரமான மாடிக் கட்டடங்களின் சுவரில் அவரைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். அவர் வாழ்ந்த வீடு 2016இல் இருந்து அருங்காட்சியகம். அமெரிக்காவில் நாற்பது வருடம் இருந்த மனிதர், அம்மா. 1952இல் கப்பலில் லண்டனுக்குப் போகும் வழியிலேயே, அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை அமெரிக்கா ரத்து செய்துவிட்டது. அடுத்த வருடம் குடும்பத்தோடு இங்கே வந்தார். 1977 கிறிஸ்மஸ் அன்று இங்கேயே கண்ணை மூடினார். அவரிடம் காசு இருந்தது, எங்கள் ஆட்கள் மாதிரி முகாமில் படுக்கவில்லை. என்றாலும் திரும்பிப் போக வழியில்லாமல் வந்து தங்கியவர் என்பதால் எனக்கு அவரில் ஒரு ஒட்டு.

ஒரு கூத்தும் நடந்திருக்கிறது. புதைத்து இரண்டு மாதத்தில் அவருடைய பெட்டியையே தோண்டி எடுத்துக்கொண்டு போய்க் கப்பம் கேட்டிருக்கிறார்கள். செய்தவர்கள் கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வந்த இரண்டு அகதிகள், காசுக் கஷ்டத்தில் செய்த வேலை. அவருடைய மனைவி ஒரு சதமும் தரமாட்டேன் என்றுவிட்டார். பிறகு பொலிஸ் பிடித்து, பெட்டியை ஒரு வயலில் இருந்து எடுத்தது.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போன மாதம் இல்லத்தில் பெரிய திரை கட்டி, 1931இல் வந்த 'சிட்டி லைட்ஸ்' படம் போட்டார்கள். பேசும் படங்கள் வந்து சில வருடம் ஆன பிறகும் சாப்ளின் தன் நாடோடிப் பாத்திரத்தைப் பேச விடவில்லை. எனக்கு அதுவே பெரிய உபகாரம். அந்த மண்டபத்தில் முதல் தடவையாக எல்லோரும் சிரித்த இடத்தில் நானும் சிரித்தேன். என் பக்கத்தில் இருந்த பாட்டி சாப்ளினைச் சந்தையில் நேரே கண்டவராம். மேலுதட்டைத் தொட்டுக் காட்டி, "மீசை இல்லை, மீசை இல்லை" என்று படம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

'துள்ளாத மனமும் துள்ளும்' படத்தில் விஜய் நடித்த குட்டியை உங்களுக்குத் தெரியும்தானே? நீங்களும் சின்னம்மாவும் எத்தனை தரம் அழுதிருப்பீர்கள்! அந்தக் குட்டிக்கு இந்த நாடோடி சார்லிதான் மூத்தவன். அதற்கும் முன்னால், 1954இல், ஜெமினி ஸ்டூடியோக்காரர் இதே கதையை 'ராஜி என் கண்மணி' என்று தமிழில் எடுத்தார்கள் என்று உங்கள் மருமகன் சொன்னார்.

தெருவோரம் பூ விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. சார்லி தெருவைக் கடக்க வழியில்லாமல், நிற்கிற ஒரு பெரிய காருக்குள் இந்தப் பக்கத்தால் ஏறி அந்தப் பக்கத்தால் இறங்குகிறான். கார்க் கதவு அடிபடும் சத்தம் அவளுக்குக் கேட்கிறது, யாரோ பணக்காரர் இறங்கியிருக்கிறார் என்று நினைத்துப் பூவை நீட்டுகிறாள். இவன் கடைசிச் சில்லறையைக் கொடுத்து வாங்குகிறான். அவள் மீதி எடுப்பதற்குள், காரின் உண்மையான சொந்தக்காரன் வந்து ஏறிப் போய்விடுகிறான். மீதியை வாங்காமல் போய்விட்டார் என்று அவள் நினைக்கிறாள். சார்லி அவளுடைய நினைப்பைக் கெடுக்காமல், நுனிக்காலில் பூனை மாதிரி நழுவுகிறான். இந்த ஒரு காட்சியை 342 தடவை எடுத்ததாகக் கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறதாம். அவனைப் பணக்காரன் என்று அவள் எப்படி நம்புவாள் என்பதற்குத்தான் சாப்ளினுக்கு வழி பிடிபடவில்லையாம்.

அவன் ஒன்றும் முனிவன் இல்லை. யாரோ எறிந்த சுருட்டுக் குறைக்காக இன்னொரு ஏழையைத் தள்ளிவிடுகிறான். அவள் தன்னைப் பணக்காரன் என்று நினைப்பது அவனுக்கு நல்லாகவே பிடித்திருக்கிறது. எனக்கு அவனைப் பிடித்ததே அதனால்தான். ஆசை உள்ளவன் கொடுக்கிறான். தெரு கூட்டுகிறான், குத்துச்சண்டைக்குப் போய் அடிவாங்குகிறான். குடிவெறியில் மட்டும் இவனை நண்பன் என்று கட்டிப்பிடிக்கும் பணக்காரன் ஒருவன் அவள் கண்ணுக்காகப் பணம் கொடுக்கிறான். தெளிந்ததும் இவனை யாரென்றே தெரியாது, அதனால் களவுப் பட்டம் இவன் தலையில். பிடிபடுவதற்கு முன்னால் ஓடிப்போய்ப் பணத்தை அவள் கையில் கொடுக்கிறான். ஒரு தாளை மட்டும் தனக்கென்று பையில் வைக்கிறான். அவள் கையை முத்தமிட்டதும் அதையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறான். நேரே சிறை.

குட்டி கிட்னியையே கொடுத்தான். கொடுத்த கணக்கைப் பார்த்தால் குட்டிதான் பெரியவன். ஆனால் சிறையில் இருந்து கிழிந்த உடுப்போடு வரும் சார்லி, பூக்கடைக் கண்ணாடிக்குள் பார்வை வந்த அவளைக் கண்டதும் என்ன செய்கிறான் தெரியுமா? முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறான், பிறகு மெல்ல விலகப் பார்க்கிறான். கண் தெரிகிறது, அவனுக்கு அது போதும். அவள்தான், பாவம் பிச்சைக்காரன் என்று ஒரு பூவும் காசும் கொடுக்க வெளியே வந்து, கையைப் பிடிக்கிறாள். பிடித்த கையைத் தடவிப் பார்க்கிறாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது.

அந்த இடத்தில் எனக்கு மாமாவின் கை நினைவு வந்தது.

எங்கள் முன்னறையில் மாட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள், அம்மா. கறுப்புக் கோட்டுப் போட்டு, சிவப்புக் காரில் சாய்ந்து நிற்பாரே. சின்ன வயதில் நான் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் "மாமாவின் கார்" என்று சொல்லித் திரிந்தேன். அது முதலாளியின் கார். மாமாவுக்கு லைசென்ஸே இல்லை. கேட்டபோது, "நான் எப்ப சொன்னனான் அது என்ர கார் எண்டு?" என்று சிரித்தார். உண்மைதான், அவர் சொல்லவே இல்லை.

உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கியவர். இப்போது மரக்கறி வெட்டவும் விடுகிறார்கள், ஆனால் ஆள் குறைந்த நாட்களில் மறுபடியும் கழுவும் தொட்டிதான். இருப்பது ஒரு அறை வீடு. என்னை ஏற்ற விமான நிலையத்துக்கு வந்தபோது கையுறை போட்டிருந்தார், குளிருக்கு என்று நினைத்தேன். பிறகு எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். விரல் நுனி எல்லாம் வெடிப்பு, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து சிவந்திருக்கிறது, மணிக்கட்டில் அடுப்புச் சுட்ட தழும்புகள். கழுவும் மருந்து செய்த வேலை. அப்பாவின் ஒப்பரேஷன், எங்கள் வீட்டு ஓடு, என் படிப்பு எல்லாம் அந்தத் தொட்டியில் இருந்து வந்தவை. தற்காலிகமாக மட்டும் தங்க விடும் எஃப் விசாவில் இருந்த காலத்தில் நினைத்தபடி நாட்டை விட்டு வெளியே போக முடியாது. அம்மம்மாவின் செத்தவீட்டுக்கு அவர் வராததற்குச் சொந்தக்காரர் சொன்ன கதைகள் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

படத்தின் கதையை மாமாவுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்தக் காசு அவன் குடுத்ததுதானே? அப்ப ஏன் இவன் மறியலுக்குப் போனவன்?" என்றார். காதலைப் பற்றி ஒரு சொல் இல்லை. வழக்கறிஞர் வைக்கவில்லையா என்றும் கேட்டார்.

இனி வீட்டு விஷயம். தம்பி மோட்டார் சைக்கிளுக்கு மாமாவிடம் கேட்டிருக்கிறான் போல. மாமா "பாப்பம்" என்று சொல்லியிருப்பார், பிறகு எங்கேயோ இரவு வேலை ஒன்று கூடப் பிடிப்பார். வேண்டாம் என்று தம்பிக்கு நீங்களே சொல்லுங்கள். வேலைக்குப் போக அவசியம் என்றால் பாதிக் காசு நான் அனுப்புகிறேன், மீதியை அவன் சேர்க்கட்டும். நான் எழுதியதாக மாமாவுக்குத் தெரியக்கூடாது.

மாமா ஞாயிறுகளில் உங்களுக்குப் போன் எடுப்பார்தானே. கைக்குக் களிம்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், பூசுவதாகத் தெரியவில்லை. அக்கா கேட்டால்தான் பயப்படுவார். பூசினாயா என்று கேளுங்கள். ஓம் என்று சொன்னால், வீடியோவைப் போட்டுக் கையைக் காட்டச் சொல்லுங்கள்.

அன்பு மகள்