படித்தால் புரியாத காப்புரிமைக்கு முத்திரை குத்தாதீர்கள்

காப்புரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நீங்கள் ஒப்புதல் தரும் விவரக்குறிப்புகளைப் பிழைப்புக்காகப் படிப்பவன் நான். படித்துப் படித்துச் சலித்துப்போய் இதை எழுதுகிறேன்.

17-ஆம் நூற்றாண்டு லண்டனில் சேம்பர்லென் என்றொரு மருத்துவக் குடும்பம். பிரசவத்தில் சிக்கிய குழந்தையை உயிரோடு எடுக்க ஒரு இடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பெரிய பெட்டியில் தூக்கி வருவார்களாம். உறவினரை வெளியே அனுப்பி, தாயின் கண்ணையும் கட்டிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார்களாம். நூறாண்டுக்கு மேல் இப்படியே ஓடியது. 1813-இல் அவர்களின் பழைய வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில் அந்த இடுக்கிகள் கிடைத்தன. இடையில் போன உயிர்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

இப்படிப் பூட்டி வைப்பதற்கு மாற்றுதான் காப்புரிமை என்கிறோம். 1474-இல் வெனிஸ் 10 ஆண்டு உரிமை கொடுத்தது. இன்று விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. பேரம் எளிது: நீ சொல்லிக்கொடு, அந்த ஆண்டுகள் முடியும்வரை வேறு யாரும் கைவைக்காமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சொல்லிக்கொடுக்கிறார்களா? "வெப்பநிலை 20 முதல் 400 டிகிரி வரை இருக்கலாம்" என்று எழுதியிருக்கும். உண்மையில் வேலை நடக்கிற அந்த ஐந்து டிகிரி மட்டும் இருக்காது. அது வணிக ரகசியமாக ஆலைக்குள்ளேயே தங்கிவிடும். சாதாரண போல்ட்டுக்குக்கூட 'பொருத்தும் சாதனம்' என்று பெயர். (வக்கீலுக்குப் புரிந்தால் போதும்போல.) உரிமையும் அவர்களுக்கே, ரகசியமும் அவர்களுக்கே.

திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்கள் சாட்சி. நீராவி எஞ்சினுக்கு ஜேம்ஸ் வாட் வாங்கிய 1769 காப்புரிமை, நீட்டிப்போடு 1800 வரை மற்றவர்களின் கையைக் கட்டிப்போட்டது. 1811 முதல் அங்குள்ள பொறியாளர்கள், எந்த எஞ்சின் எவ்வளவு நிலக்கரிக்கு எவ்வளவு தண்ணீர் இறைத்தது என்று மாதாமாதம் அச்சிட்டார்கள். பலர் காப்புரிமை கேட்கவே இல்லை. அடுத்த 30 ஆண்டுகளில் எஞ்சின்களின் சராசரித் திறன் மூன்று மடங்கைத் தாண்டியது.

காப்புரிமையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பேரத்தின் மறுபாதியை வசூலியுங்கள் என்கிறேன். துறை தெரிந்தவர் செய்துபார்க்கும் அளவுக்குத் தெளிவாக எழுத வேண்டும் என்கிறது உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸின் 29-வது பிரிவு. சிறந்த செய்முறையைக் கேட்கவும் இடம் தருகிறது. அடுத்த கோப்பில் அந்த ஐந்து டிகிரி எங்கே என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் நிராகரியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆவணங்களின் வாசகன்