லேத்துக்கு முன் உளி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓய்வுபெற்றதும் மரக் கடைசல் பழகும் ஆசையில், கையிலிருந்த பணம் முழுவதையும் கட்டையைச் சுழற்றும் லேத் இயந்திரத்திலேயே போட்டுவிட்டேன். நல்ல உளிக்கும் சாணைக்கும் முகக் கவசத்துக்கும் மீதியில்லை. மலிவு உளி பத்தே நிமிடத்தில் மழுங்கியது. மழுங்கிய உளி மரத்தைச் சீவாது, பிய்த்தெறியும்.

சொப்புச் சாமான்களுக்குப் பெயர்பெற்ற எங்கள் அம்பாசமுத்திரத்தின் கடைசல்காரர் ஒருவர்தான் சாணை பிடிக்கும் கோணத்தைப் பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். பம்பரமும் சொப்பும் கடையச் சிறிய மேசை லேத்தே போதும். வேகத்தைக் குறைக்கும் வசதி மட்டும் கட்டாயம் வேண்டும். கட்டையை உருளையாக்கும் அகன்ற குழி உளியால் கிண்ணம் குடையவே கூடாது. கைப்பிடிக்குள் நுழையும் அதன் மெல்லிய காம்பு ஒடிந்து, உளி முகத்தில் பாயக்கூடும்.

இந்தக் கைவினைஞர்களைக் கொண்டு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் வார இறுதி வகுப்புகள் நடத்த வேண்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்