47 பற்களுக்கு ஒரு நன்றி

நேற்று இரவு என் பழைய பந்தயக் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது! சட்டையில் இன்னும் ஆமணக்கெண்ணெய்ப் புகை வாசம் போகவில்லை, அது போவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். இத்தனை மாதம் பட்ட பாடெல்லாம் உங்களுக்கே தெரியும், மறுபடி சொல்லப்போவதில்லை.

ஃபியட் டோபொலினோ என்ற குட்டி இத்தாலியக் கார்கள் இரண்டின் முன்பக்கத்தை வெட்டி முன்னும் பின்னுமாகச் சேர்த்து, ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால் 500 சிசி ஜே.ஏ.பி. மோட்டார் சைக்கிள் என்ஜினை வைத்து, செயினில் ஓட்டுவது 1946-இல் பிரிட்டிஷ் பந்தயக் கார் தயாரிப்பாளரான கூப்பர் காட்டிய வழி. அதே பாணியில் கொட்டகையில் உருவான என் வண்டிக்கு சேசிஸ் எண்ணும் இல்லை, ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இது நேற்று யாரோ செய்த போலி என்று சொன்னவர்களுக்குக் காட்ட என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

அப்போதுதான் அந்த அம்மாவின் கடிதம் வந்தது. முன்பின் தெரியாதவர். தன் அப்பாவின் பழைய நோட்டிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை நகலெடுத்து அனுப்பியிருந்தார். எந்தப் பந்தயத் தடத்துக்கு எந்த ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) என்று பென்சிலில் எழுதிய கணக்கு, அதன் கடைசி வரியில்: "பின்பக்கம் 47. ஒரு பல் நுனி உடைந்தது, அரம் போட்டேன்."

என் வண்டியின் பின் ஸ்பிராக்கெட்டைப் பார்க்க டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினேன், கை நடுங்கியதில் இரண்டு முறை கணக்கு தவறியது, மூன்றாவது முறை சரியாக 47. சாக்பீஸ் கோட்டுக்குக் கிட்டத்தட்ட எதிரே ஒரு பல் மட்டும் பக்கத்துப் பற்களைவிடக் கொஞ்சம் குட்டை, அதன் மேல் அரம் ஓடிய கோடுகள் அப்படியே இருந்தன. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிஸ்டன் வார்த்துக் கொடுத்தவர், என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவை இரவல் தந்தவர், பழைய புகைப்படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர்கள், இத்தனை சத்தத்தையும் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டார், எல்லோருக்கும் நன்றி. நீங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

குழாய்களைப் பித்தளை உருக்கி ஒட்டிய பிரேஸிங் முடிச்சுகளையெல்லாம் ராவி வழவழப்பாக்கிவிடலாம் என்று இருந்தேன். இனி அதில் கை வைக்க மாட்டேன், அவை இந்த வண்டியைக் கட்டிய அந்த அப்பாவின் கையெழுத்து. அந்த ஸ்பிராக்கெட் ஓட்டத்துக்கு ஆகாமல் போனால் கழற்றிச் சுவரில் மாட்டுவேனே தவிர தூக்கிப் போட மாட்டேன்.

கடிதத்தின் கடைசியில் அந்த அம்மா எழுதியிருந்தார்: "ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அப்பா அந்தக் கொட்டகையிலேயே கிடப்பார். எங்களுக்கு அந்த வண்டி மேல் அவ்வளவு கோபம். அது ஓடினால் சத்தத்தை மட்டும் பதிவு செய்து அனுப்புங்கள்."

அனுப்பிவிட்டேன் அம்மா. நடுவில் கேட்கும் அழுகை என்னுடையது.