பங்களா ஏலத்துக்கு வருமுன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்று காலியாகிறது என்று ஏலப் பட்டியல் அனுப்பினால் மூன்று கேள்விகள் தவறாமல் வருகின்றன. எல்லாம் அந்தக் குடும்பத்துச் சாமான்தானா? பட்டியலில் புலித்தோல் ஏன் இல்லை? வீட்டையும் சேர்த்துக் கேட்கலாமா? ஒவ்வொருவருக்கும் போனில் பதில் சொல்வதைவிட எழுதிவிடுவது மேல்.

முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் இல்லை. 1870 முதல் ஊட்டி, சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகரமாக இருந்தது. அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள், தோட்டத் துரைமார் ஓய்வுபெற்றுக் கப்பல் ஏறுவார்கள். ஈட்டி மர மேஜையையும் அலமாரியையும் கப்பலில் கொண்டுபோவது கட்டுப்படியாகாது. கிளம்புமுன் ஏலம் விட்டுவிடுவார்கள். வாங்குகிறவர் அடுத்த பங்களாக்காரராக இருப்பார். 1947-ஐ ஒட்டிப் பலர் கிளம்பியபோதுதான் நம்மூர்க்காரர்கள் கைக்கு நிறைய வந்தது. ஆக, ஒரே மேஜை நாலு வீடு பார்த்திருக்கும். ‘இன்ன துரை வீட்டுது’ என்ற கதைக்கு நாங்கள் விலை வைப்பதில்லை. நீங்களும் வைக்காதீர்கள்.

பார்வை நாளன்று ஒரு டார்ச், அளவு நாடா, சின்னக் காந்தம் மூன்றும் கொண்டுவாருங்கள். சாப்பாட்டு நாற்காலிகளைக் கவிழ்த்து, இருக்கைச் சட்டத்தின் உள்பக்கம் டார்ச் அடியுங்கள். பழைய ஆசாரிகள் ஒரு செட்டில் எந்த இருக்கை எந்தச் சட்டத்துக்கு என்று தெரிய உளியால் ரோமன் எண் வெட்டியிருப்பார்கள்; வெறும் கோடுகள்தான், ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டு நாற்காலியில் ஐந்து என்ற எண் இரண்டு நாற்காலிகளில் வந்தால் இரண்டு செட் கலந்திருக்கிறது. முன்சட்டத்தின் அகலத்தை அளந்தாலும் பெரும்பாலும் வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும். கலந்த செட் மோசம் என்பதில்லை. முழு செட் விலை கொடுப்பதுதான் மோசம்.

இழுப்பறையை முழுக்க வெளியே எடுத்துப் பக்கவாட்டு மூட்டைப் பாருங்கள். புறாவின் வால் போல் விரிந்த பற்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஏறுமாறாக இருந்தால் கைவேலை. அச்சில் வார்த்தது போல் ஒரே அளவென்றால் மெஷின். பிளஸ் தலை திருகாணி இருந்தால் அந்த இடம் 1930-களுக்குப் பிறகு கை வைக்கப்பட்டது. துளைகள் இருப்பதாலேயே மரம் உளுத்துவிட்டது என்று ஒதுக்க வேண்டாம். துளைக்குக் கீழே வெளிறிய புது மாவு கொட்டியிருந்தால்தான் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. பிரம்பு பின்னல் நாற்காலியில் சட்டத்தைச் சுற்றித் துளை போட்டுப் பின்னியிருக்க வேண்டும். ஓரம் ஆணியடித்த ஆயத்தப் பின்னல் என்றால் பின்னாளைய பழுதுவேலை.

காந்தம் எதற்கென்றால் பித்தளைக் கட்டிலுக்கு. பல கட்டில்களில் உள்ளே இரும்புக் குழாய், மேலே மெல்லிய பித்தளைத் தகடு. காந்தம் ஒட்டினால் எடைக்கு விலை பேசாதீர்கள்.

வெள்ளிச் சாமானில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ‘இ.பி.என்.எஸ்.’ என்று முத்திரை இருந்தால் அது நிக்கல் கலவையின் மேல் வெள்ளி முலாம். உருக்கினால் ஒன்றும் தேறாது. நடக்கும் சிங்கம் பொறித்த இங்கிலாந்து முத்திரை 92.5 சதவீத வெள்ளியைக் குறிக்கும். சென்னையில் செய்த சாமிச் சித்திர வேலைப்பாட்டு வெள்ளியில், பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைப் பெயர் இருக்கும். அது செய்தவர் அடையாளம், தரச் சான்று அல்ல. தட்டாரிடம் உரசிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: மெழுகுவத்தித் தண்டின் அடிப்பாகத்திலும் கத்திப் பிடியிலும் தாரோ சுண்ணச்சாந்தோ நிரப்பியிருக்கும். தராசில் வைத்துவிட்டு முழுக்க வெள்ளி என்று கணக்குப் போடாதீர்கள்.

பீங்கானில் அடிமுத்திரையோடு ‘இங்கிலாந்து’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றால் 20-ஆம் நூற்றாண்டு. விரல் நுனியில் நிறுத்தி நகத்தால் தட்டுங்கள். மணிபோல் ஒலிக்காமல் பொத்தென்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம்.

பட்டியலில் வராதவை பற்றி. புலித்தோல், காட்டெருமைத் தலை, யானைக்கால் முக்காலி எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கும். உரிமைச் சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது. தந்தமும் அப்படியே. இதில் பலர் மறப்பது பியானோ. பழைய பியானோவின் வெள்ளைக் கட்டை ஒவ்வொன்றிலும், அகலமான முன்பாகமும் ஒடுங்கிய பின்பாகமும் சேருமிடத்தில் மயிரிழைக் கோடு தெரிந்து, சாய்வெளிச்சத்தில் ரேகைகளும் ஓடினால், தந்தம் என்றே எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பியானோவை ஏலத்தில் விடமாட்டோம். துப்பாக்கிகள் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் உள்ளவர்களுக்குள்தான் கைமாறும். அதுவும் எங்கள் வழியாக அல்ல.

நூறு வருடம் தாண்டிய கலைப்பொருள் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். ஓவியம், சிற்பம் போன்றவை பதிவாகியிருக்க வேண்டும். கைமாறினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பலாம் என்று எண்ணி வாங்காதீர்கள், தனியார் ஏற்றுமதிக்குத் தடை. வயது சந்தேகமென்றால் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கியபிறகுதான் பெட்டி கட்ட வேண்டும்.

ஏலம் கேட்கும்போது 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. மூணுதரம் சொல்லிச் சுத்தியல் விழும்வரை நீங்கள் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். விழுந்தபின் முடியாது. விலை ஏற்ற விற்பவர் ஆள் வைத்துப் பொய்யாகக் கேட்க வைத்தால், விற்பனையை ரத்துசெய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு.

வீடு தனிக் கதை. சுத்தியல் தட்டி வீடு கைமாறாது. பத்திரப் பதிவு வேண்டும். கணப்படுப்பின் பளிங்குச் சட்டம், மரத்தளம், கதவுக் கைப்பிடி முதலானவை வீட்டோடு போகிறவை, பட்டியலில் தேடாதீர்கள். தாய்ப்பத்திரங்களில் வெளிநாட்டுக் குடிமகன் பெயர் வந்தால் கைமாறிய தேதியைப் பாருங்கள். 1974 ஜனவரி 1 முதல் 2000-இல் பெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) வரும்வரை, அதற்கு முந்தைய பெரா (அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம்) சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி அவர்கள் இங்குள்ள அசையாச் சொத்தை விற்கவோ தானம் கொடுக்கவோ ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தேவைப்பட்டது. அப்படி அனுமதியில்லாமல் 1977-இல் எழுதிய பெங்களூர் தானப்பத்திரம் ஒன்று செல்லாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே முடிந்து தீர்ந்த பரிமாற்றங்களைக் கிளற வேண்டாம் என்றும் சொன்னது. உங்களுடையது எந்த வகை என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும், நாங்களல்ல.

சாமானை மலையிலிருந்து இறக்கும்போது: பளிங்குப் பலகையையும் கண்ணாடியையும் நிறுத்திவைத்துக் கட்டுங்கள். படுக்கப்போட்டால் மலைப்பாதையின் குலுக்கலில் தன் பாரத்திலேயே முறியும். தரையில் நிற்கும் ஆளுயரக் கடிகாரத்தின் பெண்டுலத்தையும் எடைக்குண்டுகளையும் கழற்றாமல் தூக்கினால், பெண்டுலம் தொங்கும் மெல்லிய உலோகப் பட்டை அறுந்துபோகும். ஊட்டி ஈரத்தில் இத்தனை காலம் இருந்த மேஜையைச் சென்னையில் நேரே ஏசி அறைக்குள் போட்டால், வஜ்ரப் பசை போட்ட இணைப்பு விட்டுப் பலகைக்கு நடுவே வெடிப்பு ஓடும். ஒரு மாதமாவது வெயில் படாத, ஏசி இல்லாத அறையில் பழகவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏலக் கடையார்