எல்.கே.ஜி. மிஸ்ஸுக்கு மே மாதச் சம்பளம் உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏப்ரல், மே மாதங்களில் கத்தோலிக்கப் பள்ளிகளின் அலுவலக வாசலில் இரண்டு விதமானவர்கள் காத்திருப்பார்கள். பிள்ளைக்கு எல்.கே.ஜி.யில் இடம் கேட்டு வந்த பெற்றோர் ஒரு பக்கம், அதே எல்.கே.ஜி.க்கு ‘மிஸ்’ வேலை கேட்டு வந்த பெண்கள் இன்னொரு பக்கம். முதல் தரப்புக்குத் தேவையான விவரமெல்லாம் விளம்பரப் பலகையிலேயே இருக்கிறது. இரண்டாவது தரப்புக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. அவர்களுக்காகவும், அவர்களை வேலைக்கு எடுக்கும் நிர்வாகங்களுக்காகவும் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். “அரசு உதவி பெறும் பள்ளி” என்று பலகையில் இருந்தாலும், தமிழ்நாட்டில் அந்த உதவி ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். அதே வளாகத்தில், அதே புனிதரின் பெயரில் நடக்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் சுயநிதிப் பிரிவு. ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு அரசுச் சம்பளம். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் எல்.கே.ஜி. மிஸ்ஸுக்குக் கட்டணத்திலிருந்து நிர்வாகம் தரும் தொகுப்பூதியம். “கொஞ்ச நாள் இருங்கள், மேலே காலியானால் போட்டுத் தருகிறோம்” என்ற பேச்சை நம்பிச் சேருகிறவர்கள் நிறையப் பேர். அதற்கு அரசு அனுமதித்த பணியிடம் காலியாக வேண்டும், உரிய கல்வித்தகுதி கையில் இருக்க வேண்டும். சொன்ன சிஸ்டரும் அங்கேயே இருக்க வேண்டும். துறவற சபைகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வரும். தலைமை மாறினால் வாய்ச்சொல்லும் கூடவே பெட்டி கட்டிவிடும். எழுத்தில் வாங்காதது எதுவும் கணக்கில் இல்லை.

இனி வேலை. ‘சும்மா ரைம்ஸ் பாடிக்காட்டும் வேலை’ என்று நினைக்கிறவர்கள் ஜூன் மாதத்து முதல் இரண்டு வாரம் வகுப்புக்குள் நின்று பார்க்கலாம். 35 பிள்ளைகளையும் முதல் நாளே, முழு நேரம் உட்கார வைத்தால் ஒன்றின் அழுகை அத்தனைக்கும் தொற்றும். பத்துப் பத்துப் பேராக நாள் மாற்றி அழைத்து, முதல் வாரம் ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்த வேண்டும். அம்மா ‘டாட்டா, மணியடிச்சதும் வர்றேன்’ என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கண்ணில் படாமல் நழுவினால் மறுநாள் பிள்ளை கையையே விடாது; ஜன்னலோரம் நின்று எட்டிப் பார்ப்பது அதைவிடக் கெடுதல். மூன்றாம் நாள் நின்ற அழுகை அடுத்த திங்கட்கிழமை திரும்ப வருவதும் வழக்கம்தான், பயப்பட வேண்டாம். காலையில் வயிறு முட்டப் பால் குடித்து வரும் பிள்ளை அழுதால் வாந்தியும் வரும். இதைச் சேர்க்கைக் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

கழிப்பறையைப் பற்றி யாரும் நேர்முகத் தேர்வில் கேட்பதில்லை. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு டை, பெல்ட், கொக்கி வைத்த கால்சட்டை, லேஸ் கட்டும் ஷூ. இத்தனையையும் போட்டுவிட்டு ‘அவசரமாக வந்தால் மிஸ்ஸிடம் சொல்லு’ என்றால் அது எப்படிச் சொல்லும்? சொல்லி முடிப்பதற்குள் நனைந்திருக்கும். இடுப்பில் எலாஸ்டிக், காலில் ஒட்டும் பட்டி, இவ்வளவு போதும். வந்ததும் ஒருமுறை, ஸ்நாக்ஸுக்கு முன் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை வரிசையாக அழைத்துப் போக வேண்டும், கேட்டால்தான் என்று விடக்கூடாது. இருட்டாக இருந்தாலோ நாற்றமடித்தாலோ பிள்ளை அடக்கிக்கொள்ளும். சிறுநீர்த் தொற்று வருவது இப்படித்தான். ஆயாம்மா விடுப்பில் போனால் மாற்று யார் என்பதைச் சேரும்போதே கேளுங்கள். 2013-இன் தேசிய மழலைப் பருவப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை, மூன்று முதல் ஆறு வயதுவரையான பிள்ளைகள் 20 பேருக்கு ஒரு பெரியவர் என்கிறது. ஒரு மிஸ் மட்டும் 35 பிள்ளைகளோடு நிற்கும்போது ஒன்றைக் கழிப்பறைக்கு அழைத்துப் போனால் மீதி 34 பேர் யார் பொறுப்பு?

பெற்றோரின் டைரிக் குறிப்பில் அதிகம் வருவது, “இன்னும் அ, ஆ எழுதவில்லையே” என்பதுதான். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள். நான்கு வயதில் ஏறக்குறைய பாதிதான் எலும்பாகியிருக்கும், மீதி குருத்தெலும்பு. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால், பிள்ளை பென்சிலை முஷ்டியால் பிடிக்கப் பழகிவிடும். பழகிய பிடியை யு.கே.ஜி.யில் மாற்றுவது பெரும்பாடு. முதலில் விரல் தேற வேண்டும்: காகிதம் கிழித்தல், மணி கோத்தல், துணி கிளிப் மாட்டுதல், மாவு பிசைதல். மாவுக்கு இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, இரண்டு கரண்டி எண்ணெய், முக்கால் கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து, மஞ்சளோ பீட்ரூட் சாறோ சேர்த்தால் போதும். உப்பு கெடாமல் காக்கும், ஆனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கையில் ஒட்டும். அப்போது உலர்ந்த மைதா ஒரு பிடி தூவிப் பிசைந்து, மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். புளித்த வாசனை வந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். கிரேயானை முழுசாகக் கொடுக்காமல் கட்டை விரல் நுனி அளவுக்கு ஒடித்துக் கொடுத்தால், மூன்று விரலால் பிடிப்பதைத் தவிர பிள்ளைக்கு வேறு வழியில்லை. உடைந்த கிரேயானைப் பார்த்து முகம் சுளிக்கும் பெற்றோருக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள்.

எழுத்தையும் ‘அ’வில் தொடங்க வேண்டியதில்லை. சுழி, வளைவு, படுக்கைக்கோடு, நிமிர்ந்த கோடு எல்லாம் ‘அ’ ஒன்றிலேயே இருக்கிறது. ‘ட’வில் ஒரு இறக்கம், ஒரு படுக்கை, அதோடு ஒரு ஏற்றம் சேர்த்தால் ‘ப’. கோடுகளிலிருந்து வளைவுக்கும், வளைவிலிருந்து சுழிக்கும் போவதே கைக்கு எளிது. பாட்டிலும் வாயிலும் அ, ஆ முதலிலேயே வரட்டும், கையில் மட்டும் வரிசை வேறு.

பல கான்வென்ட்டுகளின் பலகையில் ‘மாண்டிசோரி முறை’ என்று இருக்கும். அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி கத்தோலிக்கர்தான். 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஊர் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தவர். அவர் முறையில் பென்சிலுக்கு முன்பு, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து. ஹார்டுவேர் கடையில் 120-ஆம் எண் தாள் வாங்குங்கள். 60-ஆம் எண் விரலைப் பிறாண்டும், பிள்ளை அடுத்த நாள் தொடாது. தாளின் பின்பக்கம் வரைந்து வெட்டினால்தான் கத்தரி மழுங்காமல் இருக்கும். ஆனால் பின்பக்கம் வரையும்போது எழுத்தைத் திருப்பி வரைய வேண்டும். இல்லையேல் ஒட்டிய பிறகு ‘ட’ கண்ணாடியில் தெரிவது போல நிற்கும், ஒரு தாள் வீண். அட்டையில் ஒட்டி, தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வையுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து அதன்மேல் ஓட, வாய் ஒலியைச் சொல்ல வேண்டும். பலகையில் மாண்டிசோரி, பையில் ஜூன் மாதமே நாலு கோடு நோட்டு என்பது பொருந்தாத கூட்டு. இடது கைப் பழக்கமுள்ள பிள்ளையைச் ‘சோற்றுக் கையால் எழுது’ என்று அதட்டாமல் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைத்தால், முழங்கை இடிக்கிற சண்டையும் தீரும்.

ஸ்நாக்ஸ் நேரத்தில் முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பிறந்தநாள் கடினமிட்டாய் மூன்றும் ஆபத்து, மூச்சுக்குழாயை அடைத்துவிடும். திராட்சை என்றால் நெடுக்குவாக்கில் நான்காக நறுக்கி அனுப்பச் சொல்லுங்கள். விடும் நேரத்தில் சேர்க்கைப் படிவத்தில் படம் ஒட்டிய ஆளிடம் மட்டும், கைக்குக் கை ஒப்படைப்பு. ‘சித்தப்பாதான் மிஸ்’ என்று பிள்ளையே சொன்னாலும் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்காமல் விடக்கூடாது.

கத்தோலிக்கப் பள்ளிக்கே உரிய விஷயங்களுக்கு வருகிறோம். காலை ஜெபம், உண்ணும் முன் ஜெபம், அக்டோபரில் ஜெபமாலை, டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில். வகுப்பில் பல சமயத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் சிறார் எவரையும் காப்பாளரின் சம்மதமின்றிச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. மூன்று வயதுப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தானாகவே சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளும். மாலையில் வீட்டில் போட்டுக் காட்டும். மறுநாள் கேள்வி மிஸ்ஸிடம்தான் வரும், சிஸ்டரிடம் போகாது. எனவே சேர்க்கைப் படிவத்திலேயே சம்மதம் உண்டு, இல்லை என்று ஒரு கட்டம் இருக்கட்டும். வகுப்பில் எல்லோருக்கும் பொதுவான, கைகூப்பிச் சொல்லும் நான்கு வரி நன்றி ஜெபம் போதும். மறைக்கல்வி என்னும் சமயப் பாடம் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத் தனியாக நடக்கட்டும். மாதத்தின் முதல் வெள்ளியன்று நடக்கும் திருப்பலிக்கு (பூசைக்கு)க் கத்தோலிக்க ஆசிரியைகள் கோயிலுக்குப் போகும்போது இரண்டு மூன்று பிரிவுகளை ஒரே அறையில் சேர்த்து ஒருவரிடம் விடுவது பல இடங்களில் வழக்கம். விழுதல், கடித்தல், மண்டை உடைதல் நடக்கிற நேரம் அதுவே. திருப்பலியைப் பள்ளி தொடங்கும் முன் வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுப்பது ‘விருப்பம்’ என்பார்கள். பங்குத் தந்தையின் கடிதத்தோடு வேலைக்குச் சேர்ந்த பெண் எப்படி மறுப்பாள்? அதற்கு ஈடாக வார நாளில் ஒரு அரை நாள் விடுவதே நியாயம்.

கடைசியாகப் பணம். சேவை என்ற சொல்லை எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தருவது பள்ளியை நிறுவி நிர்வகிக்கும் உரிமை, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்டாமலிருக்கும் உரிமை அதில் இல்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளியில், 10,000 ரூபாய் ஊதியத்துக்கு உங்களிடம் பிடிப்பது 1,200, நிர்வாகம் போட வேண்டியது 1,200. பிடித்தது கட்டப்பட்டதா என்பதை உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வைத்து மாதாமாதம் பாஸ்புக்கில் பாருங்கள். நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று. ‘மரிய’ ஓரிடத்தில் ‘மேரி’ ஆகியிருக்கும், இனிஷியல் விரிந்திருக்கும். பணம் எடுக்கப் போகும்போதுதான் விண்ணப்பம் திரும்பி வரும். சேரும் மாதமே ஆதாரையும் பி.எஃப். பதிவையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) ஆசிரியர்களுக்கு இல்லை என்று இன்னமும் சொல்லும் அலுவலகங்கள் இருக்கின்றன. 2009-இல் வந்த சட்டத் திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களையும் சேர்த்தது; எதிர்த்துப் போன தனியார் பள்ளிகளின் வழக்கில் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் என்றது. கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்க வேண்டும். 10,000 ரூபாயில் 12 ஆண்டு என்றால் 69,231 ரூபாய். இந்தக் கணக்கைக் குலைக்கத்தான் சிலர் ஏப்ரல் கடைசியில் ‘ராஜினாமா’ கடிதம் வாங்கி, ஜூனில் புதிதாய் நியமித்ததாகக் காட்டுகிறார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் சான்றிதழ்களை அலுவலகத்தில் விட்டுவிட்டு வரவும் வேண்டாம். காட்டிவிட்டு நகல் கொடுத்தால் போதும். நியமன ஆணையில் சேர்ந்த தேதி, மாத ஊதியம், எத்தனை மாதத்துக்கு ஊதியம், மகப்பேறு விடுப்பு ஆகியவை இருக்க வேண்டும். முதல் இரு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுப்பு என்பது சட்டம் தருவது. சிஸ்டரின் தயவில் வருவதல்ல.

நியாயமான கூலியைப் பற்றித் திருத்தந்தை (போப்) பதின்மூன்றாம் லியோ 1891-லேயே சுற்றுமடல் எழுதினார். தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக மே 1-ஐ 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்தினார். அந்தத் திருநாள் வரும் மே மாதத்துக்குத்தான் பல எல்.கே.ஜி. மிஸ்ஸுகளுக்குச் சம்பளம் கிடையாது. மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் 12 மாத ஊதியம் என்ற ஒரு வரியை வரும் கல்வியாண்டின் நியமன ஆணைகளில் சேர்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியைகள் சிலர்,
திருச்சி மாவட்டம்.
(பெயர்களை வெளியிட வேண்டாம்.)