பொழுது போகுமுன்னே

பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்தர்,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிடச் சொல். இங்கே அத்தை நன்றாக நடமாடுகிறார்கள். மாடியில் ஓர் அறை போடுகிறோம் என்று எழுதியிருந்தேன் இல்லையா, கான்கிரீட் முடிந்து பூச்சு வேலை நடக்கிறது. வீடெல்லாம் சிமெண்டுத் தூசி.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் புதிய ஏற்பாட்டில் உள்ள யாக்கோபு நிருபத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், எங்கே தொடங்கட்டும் என்று கேட்டிருந்தாய். ஐந்தாம் அதிகாரத்தில் தொடங்கு என்பேன். ‘திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்’ என்ற முதல் அதிகார வசனத்தைத்தான் எல்லாரும் எடுப்பார்கள். எடுத்துவிட்டு அதிகாலை ஜெபம், குடும்ப ஜெபம், நாவை அடக்குவது என்று போய்விடுவார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அதே யாக்கோபு, வயலை அறுத்தவர்களுடைய கூலி அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று எழுதியிருக்கிறாரே, அதை எந்தக் கூட்டத்தில் நாம் கேட்டிருக்கிறோம்? வேலைக்காரன் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அந்தப் பணம் சத்தம் போடுகிறது என்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

யாக்கோபு இதைப் புதிதாகச் சொல்லவில்லை. பழைய ஏற்பாட்டில் உபாகமம் 24-ஐ எடுத்துப் பார். கூலிக்காரன் வேலை செய்த நாளிலேயே, பொழுது போகுமுன்னே அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். அவன் ஏழை, அதின்மேல் ஆவலாயிருக்கிறான் என்று இருக்கிறது. அவன் சொந்த ஜனமானாலும் சரி, அந்நியனானாலும் சரி, அதே சட்டம்தான். ஞாயிறு பள்ளியில் நாம் எத்தனை வசனம் மனப்பாடம் செய்தோம்! வருஷப் பிறப்புக்கு வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதில் இந்த வசனம் ஒருநாளும் வந்ததில்லை.

எங்கள் வீட்டு வேலைக்கு ஒரு சித்தாள் அம்மா வருகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கை கால் கழுவி, தூக்குவாளியைத் துணிப்பையில் வைத்து, படிக்கட்டில் வந்து உட்காருவார்கள். பணத்தைக் கையில் கொடுத்ததும் எண்ணி, அங்கேயே பிரித்துவிடுவார்கள். மளிகைக் கடைப் பாக்கிக்குக் கொஞ்சத்தை முந்தானையில் முடிவார்கள். திங்கட்கிழமைக் குழுத் தவணைக்கு உள்ளதைச் சுருட்டி, சுருக்குப் பையின் அடியில் போடுவார்கள். மிச்சம்தான் வீட்டுக்கு. “போன்ல போட்டுவிடட்டுமா?” என்று ஒருநாள் கேட்டேன். “போன் மவன்கிட்ட இருக்கும்மா, கையிலயே குடுத்துருங்க” என்றார்கள். ‘பேங்க் லீவு, திங்கட்கிழமை பார்ப்போம்’ என்று சொல்வது நமக்கு ரொம்பச் சின்ன வார்த்தை. அங்கே ஞாயிற்றுக்கிழமை உலையே அதில்தான் இருக்கிறது.

அதனால் வெள்ளிக்கிழமையே ரொக்கம் எடுத்து வைத்துவிடுவது என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்திருக்கிறோம். கையில் பணம் இல்லாத வாரம் வேலை வைப்பதில்லை. அதிலும் ஒரு சங்கடம் உண்டு. நாம் வேலையை நிறுத்தினால் அவர்களுக்குக் கூலியும் நின்றுபோகுமே! நடுவில் அப்படி ஒரு முறை நிறுத்த வேண்டி வந்தது. கொத்தனாரிடம் முந்தின வாரமே சொல்லிவிட்டோம், அவர் இவர்களை வேறு கட்டடத்துக்குக் கூட்டிப் போனார். வேலை கொஞ்சம் தாமதமானால் ஆகட்டும்.

இங்கே பக்கத்தில் ஒரு வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போயிருந்தேன். சபைப் போதகர் ஐயர் வந்து ஜெபித்தார். பந்தல், பிரியாணி எல்லாம் தடபுடல். வாசலில் கிரானைட்டில் ‘நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்’ என்று பொன்னெழுத்தில் பதித்திருந்தார்கள். அந்தக் கல்லைப் பதித்தவர் எங்கள் வீட்டு வேலைக்கும் வந்திருக்கிறார். அவருக்குப் பாக்கி நிற்கிறது, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். பாட்டு பாட எழுந்து நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து எரேமியா 22 எடுத்து வாசித்தேன். யோயாக்கீம் ராஜா விசாலமான மேலறை கட்டுகிறான், கேதுருப் பலகை வைக்கிறான், சிவப்பு வர்ணம் பூசுகிறான். வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்கவில்லை. ‘ஐயோ’ என்று தொடங்குகிறார் தீர்க்கதரிசி. அவன் தகப்பன் யோசியாவைப் பற்றி அதற்குப் பிறகு சொல்வதுதான் எனக்கு முக்கியம். அவனும் சாப்பிட்டான், குடித்தான், நன்றாகத்தான் வாழ்ந்தான். ஆனால் எளியவனுடைய நியாயத்தை விசாரித்தான். அப்படிச் செய்வதுதான் என்னை அறிகிற அறிவு என்று கர்த்தர் சொல்லுகிறார். எஸ்தர், கடவுளை அறிவது என்றால் நாம் தியானம், உபவாசம் என்று எங்கெங்கோ தேடுகிறோம். அவரோ கூலிக் கணக்கின் பக்கத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார். உன் பேச்சில் வேறு எதை விட்டாலும் இதை விட்டுவிடாதே.

இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமையையும் சேர்த்துக்கொள். கடைசியாக வேலைக்கு வந்தவனுக்கும் காலையிலேயே வந்தவனுக்குக் கொடுத்த அதே ஒரு பணத்தைக் கொடுத்தது சரியா என்றுதான் எப்போதும் பேசுகிறோம். எஜமான் சாயங்காலமே காரியக்காரனைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்கச் சொன்னதை யாரும் கவனிப்பதில்லை. ‘ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை’ என்று பொழுது சாயும்வரை நின்றவர்களுக்கும் வீட்டில் அடுப்பு எரியணும் இல்லையா?

உங்கள் திருப்பூரில் சனிக்கிழமைச் சம்பளம் என்றால் ஊருக்கே தெரியும். உங்கள் சங்கத்திலேயே கம்பெனிகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கிற பவர்டேபிள் யூனிட் வைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு என்று சொல்லியிருக்கிறாய். ‘மேலே இருந்து பில் வரலை, நாங்க என்ன செய்ய?’ என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு எனக்கும் முழுப் பதில் தெரியாது. ஆனால் பில் வராத வாரத்தில் முதலில் யாருடைய பணத்தை நிறுத்துகிறோம் என்று கேட்டுப் பார். கார் தவணையையா, சீட்டுப் பணத்தையா, தையல்காரருடைய சம்பளத்தையா? முகம் சுருங்கினால் சுருங்கட்டும். காணிக்கை எடுப்பதற்கு முன்னாலேயே பேசிவிடு. யாருக்காவது நம்பேரில் குறை உண்டென்று ஞாபகம் வந்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தில் ஆண்டவரே வழி சொல்லியிருக்கிறார்.

நம் அம்மாமார்கள் இதையெல்லாம் பேசாமலே செய்தவர்கள்தான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனிப் பானையில் போடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? இந்திய மிஷனெரி சங்கம் 1903-ல் இதே பாளையங்கோட்டையில் தொடங்கி, தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்வரை ஊழியர்களை அனுப்பியது. நம் ஊர் ஏழைச் சபைகளின் காணிக்கையும் அதில் உண்டு என்று நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுது, கோபித்தவர்கள் சொன்னதையும் சேர்த்து. சபையின் அசன விருந்துக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. அதற்குள் மாடி அறை தயாராகிவிடும், அங்கேயே தங்கலாம். அத்தை உன்னை ரொம்பக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

அன்புடன்,
கிரேஸ்