கொய்யாவுக்கு ஏன் இந்த இளக்காரம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் ஆப்பிள் பைதான் இருக்கிறது. மருத்துவமனை வாசலிலேயே தள்ளுவண்டியில் கொய்யாவை நான்காகக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிறார்கள். அதை நோயாளிக்கு வாங்கிப் போவது கௌரவக் குறைச்சலாம்!

சத்துக் கணக்கைப் பாருங்கள். 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி ஏறக்குறைய 5 மில்லிகிராம்தான். கொய்யாவில், ரகத்துக்கு ரகம் மாறினாலும், 200 மில்லிகிராமைத் தாண்டுகிறது. ஆரஞ்சில்கூட 50 மில்லிகிராம் அளவுக்குத்தான் உண்டு. கொய்யாவில் நார்ச்சத்தும் ஆப்பிளைப் போல இரு மடங்கு. இன்னொன்று முக்கியம்: கீரை, பயறு வகைகளில் உள்ள இரும்புச்சத்தை உடல் ஈர்த்துக்கொள்ள வைட்டமின் சி துணைபுரிகிறது. ரத்தசோகையால் வாடும் நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சாப்பாட்டோடு ஒரு கொய்யா கிடைத்தால் எவ்வளவு நல்லது!

ஆப்பிளைக் குறை சொல்லவில்லை. சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு அதுதான் ஏற்றது; கொய்யாவில் பொட்டாசியம் பல மடங்கு அதிகம்.

பழனி அருகே ஆயக்குடி வட்டாரமே கொய்யாவுக்குப் பேர்போனது. பறித்த சில நாட்களிலேயே கனிந்து குழைந்துவிடும் பழம் என்பதால், வரத்து கூடினால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதைத் தவிர விவசாயிக்கு வழியில்லை. காய்ப்புக் காலத்திலாவது அரசே கொள்முதல் செய்து, சத்துணவில் முட்டையோடு கொய்யாவையும் சேர்க்க வேண்டும்.

– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்